பாதிக் கோடு

கணபதியைக் கரைத்த மறுநாளே பூனேயில் போபோடியின் கடைகளுக்கு முகம் வாடிவிடும். அன்று தொடங்கும் பித்ரு பக்ஷம் அமாவாசையோடு முடிகிற வரையில் புதுப்பொருள் எதனையும் அங்கே எவரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. பாத்திரக் கடைக்காரரும் மொபைல் கடைக்காரரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எதிரெதிரே ஸ்டூலில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறைந்தவர்களுக்கு உரிய பதினைந்து நாட்கள் அவை. இருப்பவர்கள் சற்று ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

அந்தப் பதினைந்து நாட்களுக்குள்தான் வைஷு கம்ப்யூட்டர் கேட்டாள்.

"நவராத்திரி நாலாம் நாள் செலக்ஷன் அம்மா. காலேஜ் டீம். அஞ்சு பேர்ல நாலு பேர்ட்ட சொந்த கேமிங் பிசி இருக்கு. நான் மட்டும் கேஃபேல லைன் கட்டி நிக்கிறேன்."

"வெளையாடுததுக்கு ஒரு டீமு, அதுக்கொரு செலக்ஷனு," என்றாள் ரோஹிணி, வாழைக்காயைச் சீவிக்கொண்டே. "சரி, அமாவாசை கழியட்டும். பித்ரு பக்ஷத்துல புதுச்சாமான் நடை ஏறக்கூடாதுட்டி."

"கழிஞ்சப்புறம் ஆர்டர் பண்ணி, வந்து, மாட்டி... எங்க டைம் இருக்கு?" வைஷு சற்று யோசித்தாள். பத்தொன்பது வயது, பிறந்ததும் வளர்ந்ததும் பூனேயில்தான். தமிழ்ச் சொல் அகப்படாதபோது விரலால் காற்றைத் துழாவுவாள். "அரே அம்மா, புதுசுதான வேண்டாம்? பழசு வாங்கலாம்ல? ரேம் விலை இப்ப சோனா, அதான் தங்கம் மாதிரி ஏறிக் கெடக்கு. எப்படியும் நம்ம பட்ஜெட்டுக்குப் பழசுதான் வரும்."

ரோஹிணியின் கத்தி நின்றது. பழம்பொருள் வாங்கக் கூடாதென்று எந்தச் சாத்திரமும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அந்த நியாயம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பழம்பொருள் என்றால் அது முன்பு யாருடையதோவாக இருந்திருக்கும் என்பதைத் தாயும் மகளும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

ரோஹிணி சிஞ்ச்வட்டில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இறுதிப் பரிசோதகியாக இருந்தாள். ஸ்டியரிங் பெட்டிகள் அவள் மேசைக்கு வரும். ஒவ்வொரு போல்ட்டையும் உரிய அளவுக்கு இறுக்கியவுடன், இறுக்கிய தொழிலாளி அதன் தலையிலிருந்து பெட்டியின் உடம்புவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவான். பிற்பாடு அந்த போல்ட் மயிரிழை தளர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதே ரோஹிணியின் வேலை. கோடு போடுகிறவர் பரிசோதிக்கக் கூடாது. பரிசோதிக்கிறவர் கோடு போடக் கூடாது. ஆதலால் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அந்த மார்க்கரை அவள் கையில் எடுத்ததில்லை. அந்த பெயிண்ட் ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் காய்ந்துவிடும். காயாமல் வந்த பெட்டியை மேலே அனுப்பவும் கூடாது, கழிக்கவும் கூடாது. பக்கத்து ரேக்கில், ஓர் அட்டையைச் செருகி, நிறுத்திவைக்க வேண்டும்.

அவளுடைய கணவன் பாஸ்கர் அதே தொழிற்சாலையில் கோடு இழுத்தவன். இடக்கைக்காரன். மற்றவர்கள் மார்க்கரை இழுப்பார்கள், அவன் தள்ளுவான். ஆகவே அவனுடைய கோடு முடிகிற இடத்தில் மீன்முள் போல ஒரு சிறு கொக்கி மேல்நோக்கி வளையும். ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே அவன் பெட்டியை அவள் கண் எடுத்துவிடும். திருமணமான புதிதில் அதனைச் சொல்லித் தோழிகள் அவளைக் கேலி செய்ததுண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்து முதல் மழையன்று, இருவரும் கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினார்கள். அவள் பெண்கள் பெட்டியில். அவன் டிஃபன் பையோடு அடுத்த பெட்டியில். சிஞ்ச்வட்டில் அவள் இறங்கினாள். அவன் இறங்கவில்லை. வண்டி லோணாவளா நோக்கிப் போய்விட்டது. போலீஸ், ஆஸ்பத்திரி, தண்டவாளம், ஆறு என்று தேடாத இடமில்லை. அதற்கு முந்தின நாள்தான், பதினைந்து வயது வைஷு கம்ப்யூட்டர் கேட்டதற்கு, "ஒவ்வொரு சாமானா சேத்து நானே மாட்டித் தாரேன்," என்று அவன் சொல்லியிருந்தான். "சோத்துக்கு வழியக் காணும், வெளையாட்டுக்கு மிஷினாம். சொன்னா சொன்னதுதான், செஞ்சியளா என்னைக்காவது?" என்று ரோஹிணி சுருக்கென்று கேட்டிருந்தாள். கடைசியாக அவனோடு பேசியது அதுவே.

இந்த ஆண்டு பக்ஷம் தொடங்கிய அன்று அம்பாசமுத்திரத்திலிருந்து பாஸ்கரின் தம்பி ஸ்ரீநிவாசன் பேசினான்.

"மதினி, நாலு வருசம் ஆயாச்சு. அமாவாசைக்குப் பாபநாசம் போறேன். அண்ணன் பேரையும் சேத்துச் சொல்லிரட்டா?"

"என்ன பேச்சுப் பேசுதிய தம்பி?"

"கோவப்படாதிய. எம் மவளுக்கு வார எடமெல்லாம் கடைசி நேரத்துல தட்டிப் போகுது. வீட்ல யாருக்காவது தண்ணி எறைக்காம நிக்கான்னு ஜோசியரு மூஞ்சிக்கு நேரா கேக்காரு. ஆத்மாவ அலைய விடலாமா மதினி?"

"அலையுதது ஆத்மாவா ஆளான்னு யாரு கண்டா?"

"அதான் ஒங்கட்ட கேக்கேன். ஒங்கள மீறி நான் எள்ள அள்ள மாட்டேன். படித்துறைல நின்னு போன் போடுதேன். ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அந்த ஒரு வார்த்தை அன்று முதல் ரோஹிணியின் நாக்கின் அடியில் கிடந்தது. "ஆகட்டும்" என்றால் நெற்றிப்பொட்டை அழிக்க வேண்டும். "வேண்டாம்" என்றால் இன்னும் எத்தனை அமாவாசைக்கு வேண்டாம் என்பது? இரவல் வாங்கிய பொருள் போல அவள் தன் பொட்டைக் கண்ணாடியில் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில் வாங்கியது மதர்போர்டும் பிராசஸரும். போபோடிச் சந்துக்குள் பழைய கம்ப்யூட்டர் உறுப்புகளை விற்கும் முகுந்த் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன்.

"இது ரெண்டும் ஜோடி அக்கா. பிரிக்க மனசு வரல. யானை ஏறி நின்னாலும் ஓடும்."

"ஏத்திப் பாத்தியளாக்கும்?"

"அரே, யானை ரெஸ்ட்ல இருக்கு அக்கா, இப்பதான கணபதி சீசன் முடிஞ்சுது."

வைஷு சிரித்துக்கொண்டே போர்டை நீட்டினாள். "ஏதாவது வளைஞ்சிருக்கா பாரும்மா. உன் கண்ணுதான் பெஸ்ட்."

ரோஹிணி அதனை வெளிச்சத்தில் சாய்த்தாள். மூலையில், திருகுத் துளையின் அருகே, அரை அங்குல மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. போர்டின் விளிம்பிலிருந்து அது தொடங்கிற்று. அதாவது, அதன் முற்பாதி வேறு எதன்மீதோ இருக்கிறது. முடிகிற இடத்தில் மீன்முள் போல ஒரு கொக்கி மேல்நோக்கி வளைந்திருந்தது.

அவள் அந்தக் கொக்கியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது யாரு கொண்டாந்தது?"

"லாட்ல, மொத்தமா வந்ததுக்கா. இல்ல, இல்ல. ஒருத்தர் வந்தாரு. செம மழை. இதோ இந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. குடை இல்ல. ஆனா நனையல. அதனாலதான் ஞாபகம் இருக்கு."

"எந்த வருசம்?"

"போன வருஷமா, அதுக்கு முன்னாடியா..." முகுந்த் தலையைச் சொறிந்தான். "மழைக்காலம் அக்கா. நம்ம சந்துக்கு எல்லா மழையும் ஒரே மழைதான."

"கையில என்னமும் வச்சிருந்தாரா?"

"டிஃபன் பை. சாய் சொல்லட்டுமான்னு கேட்டேன். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு."

வைஷு அப்போது ரேமை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை. ரோஹிணி அந்த ஸ்டூலைப் பார்த்தாள். தகர விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் இருக்கை மட்டும் உலர்ந்திருந்தது.

அன்று இரவு முழுவதும் அவள் தனக்குத்தானே வாதாடினாள். இடக்கைக்காரர்கள் பூனேயில் ஆயிரம் பேர். மஞ்சள் பெயிண்ட் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். மறுநாள் அந்த வாதம் அவளுக்கு ஒருவாறு ஏற்புடையதாகத் தோன்றிற்று.

பவர் சப்ளையை அவளே வாங்கினாள். "கனமா இருக்கிறதப் பாத்து எடும்மா. லேசா இருந்தா உள்ள சாமான் இல்லன்னு அர்த்தம். எல்லா பார்ட்டையும் எரிச்சிரும்," என்று வைஷு சொல்லி அனுப்பியிருந்தாள். பிம்ப்ரியில் மெட்ரோத் தூணின் அடியில் ஒருவன் தார்ப்பாயை விரித்து முப்பது நாற்பது பெட்டிகளைக் குவித்திருந்தான். அவள் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி எடை பார்த்து, குவியலின் அடியிலிருந்து மிகக் கனமான ஒன்றை உருவினாள். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தபோது, பின்முகத்தின் விளிம்பில் அரை அங்குல மஞ்சள் வெளிப்பட்டது. கொக்கியோடு.

அன்றிலிருந்து வீட்டில் பெயிண்ட் தின்னர் வாசனை வரத் தொடங்கியது.

"நீ கம்பெனி நாத்தத்தக் கூட்டிட்டு வர்றம்மா," என்றாள் வைஷு.

"நான் பெயிண்டத் தொடுத ஆளாட்டி?" என்றாள் ரோஹிணி. அவள் தன் கைகளை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

கிராபிக்ஸ் கார்டுக்காகச் சிஞ்ச்வட்டின் அடுக்ககம் ஒன்றுக்குப் போனார்கள். அச்சுதன் என்ற கோயம்புத்தூர் இளைஞன், வேலை மாற்றலாகி ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க. பில்லு இருக்குதுங்க, டப்பாவும் இருக்குதுங்க. சீல் உடைச்சதே நானுங்க. என்னத் தவிர யாரு கையும் இதுல பட்டதில்லீங்க."

ரோஹிணிக்கு மனம் இலேசாயிற்று. கார்டை வாங்கித் திருப்பினாள். பெட்டியோடு திருகுகிற இரும்புத் தகட்டின் ஓரத்தில் அதே மஞ்சள் பாதிக் கோடு இருந்தது, கொக்கியோடு.

"இந்தக் கோடு?"

"எந்தக் கோடுங்க?" அவன் குனிந்து பார்த்தான். சிரிப்புக் குறைந்தது. "அட, ஆமாங்க. மூணு வருஷமா எங்கிட்டதான் இருக்குது. நான் பாக்கவே இல்லீங்களே."

"வேற கார்டு பாப்பமாட்டி?" என்று மகளிடம் மெல்லக் கேட்டாள் ரோஹிணி.

"இந்த விலைல இதவிட நல்லது கிடைக்காதும்மா. ஏன், ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"உடையல."

வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் பாதிக் கோட்டைக் கண்டுவிட்ட கண் மறுபாதியைத் தேடாமல் இராது. அவளது தொழில் அவளை அவ்வாறு பழக்கியிருந்தது. கார்டை அவளே மடியில் வைத்துக்கொண்டு லோக்கலில் திரும்பினாள். பெண்கள் பெட்டியின் கம்பித் தடுப்புக்கு அப்பால், அடுத்த பெட்டியில், எவரோ டிஃபன் பையை முழங்காலில் வைத்து அமர்ந்திருந்தார். கூட்டம் மறைத்தது. கட்கியில் இறங்கிப் பார்த்தபோது அந்த இருக்கை காலியாக இருந்தது.

இனி எஞ்சியிருந்தது, இவற்றையெல்லாம் உள்ளே பொருத்துகிற கேபினெட். அமாவாசைக்கு மூன்று நாட்கள் முன்பு, பக்கத்து வீட்டு மரியம்மாள் அதனை இடுப்பில் தவலைபோல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏ ரோஹிணி, ஒம் மவ பொட்டி கேட்டாள்லா? மருமவன் பங்கார்க் கடையில, பழைய இரும்போட கெடந்துச்சு. நசுக்கப் போனாவ. நான் போட்ட சத்தத்துல விட்டுட்டு ஓடிட்டாவ."

"ஒங்க சத்தத்துக்கு ரயிலே நிக்குமே மைனி."

"நிக்கத்தான் செய்யும். இந்தா பிடி, இடுப்பு போச்சு. பழைய பொட்டின்னு பேரு, உள்ள ஒரு பொட்டுத் தூசி கெடையாது பாத்துக்க. யாரோ தெனமும் தொடைச்சு வச்சமாதிரில்லா இருக்கு!"

அவள் போனபின் ரோஹிணி கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தாள். உள்தகட்டில் ஒன்று, பின்புறத்தில் கீழே ஒன்று, நடுவே ஒன்று. மூன்று பாதிக் கோடுகள். மூன்றிலும் கொக்கி இல்லை. இவை தொடங்குகிற பாதிகள். கழற்றிவைத்த பக்கக் கதவையும் விளிம்பு விளிம்பாக விரலால் தடவிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு.

அமாவாசையன்று விடுப்பு எடுத்தாள். விடியற்காலையிலிருந்தே மழை ஒரே சீராகப் பெய்தது. வாழைக்காய்ப் பொரியலும் பூசணிக்காய்க் கூட்டும் அடுப்பில் இருந்தன. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, வைஷு திருப்புளியோடு சப்பணமிட்டு அமர்ந்தாள். ரோஹிணி அவளருகே டார்ச் பிடித்தாள்.

போர்டு உட்கார்ந்தது. விளிம்பும் தகடும் நெருங்கின. இரு பாதிகளும் ஒரே கோடாயின. பவர் சப்ளை உள்ளே போயிற்று, கோடு சேர்ந்தது. கார்டைச் செருகியபோது ஒரு சிறு சொடுக்கு, அதுவும் சேர்ந்தது. மயிரிழை விலகலும் இல்லை. மேசைக்கு வந்திருந்தால் மூன்றையும் தேறியதாக அவள் மேலே அனுப்பியிருப்பாள்.

வைஷுவின் கை நின்றது.

"அம்மா, திருப்புளி வைக்கிறதுக்கு முன்னாடியே ஸ்க்ரூ தானா போகுது. இது எல்லாம் முன்னாடியே ஒண்ணா இருந்த மாதிரி இல்ல?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதானட்டி."

"இந்தக் கோடு யார் போட்டது?"

"தெரியல."

வைஷு வாயால் அப்பாவைப் பற்றிய பேச்சு வந்து இரண்டு ஆண்டுகள் இருக்கும். இப்போது, தலையை நிமிர்த்தாமல், சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்: "அப்பா... சேத்து சேத்து நானே மாட்டித் தாரேன்னு சொன்னாருல்ல. நான் வெயிட் பண்ணேன் அம்மா. உன்கிட்ட சொல்லல. ரொம்ப நாள் வெயிட் பண்ணேன்."

ரோஹிணி அவள் தலையில் கைவைத்தாள்.

பக்கக் கதவை ரோஹிணியே மூடினாள். பின்னாலுள்ள ஒரே திருகை விரலால் சுழற்றி, திருப்புளியால் இறுக்கினாள். குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். வைஷு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேபினெட்டுக்கு முதுகு காட்டி, மானிட்டரின் ஒயரைச் சுவரில் செருகிக்கொண்டிருந்தாள். வாசற்கதவு தாழிட்டிருந்தது.

குக்கரை இறக்கிவைத்துக் கூட்டில் தேங்காயைச் சேர்க்கிற நேரந்தான் ஆகியிருக்கும். மிஷின் உயிர்பெறுகிற மெல்லிய காற்றோசை கேட்டது. "ஓடுது அம்மா!" என்று வைஷு கத்தினாள். அதோடு தின்னர் வாசனையும், எவரோ மூடியைத் திறந்தாற்போல, குபீரென்று வந்தது. அலமாரியின் மேல் ரோஹிணியின் போன் அடிக்கத் தொடங்கிற்று.

ரோஹிணி போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பழக்கத்தால் கண் முதலில் திருகின்மேல்தான் சென்றது.

திருகின் தலையிலிருந்து கதவின் விளிம்பைத் தாண்டி ஒரு மஞ்சள் கோடு ஓடியிருந்தது. முழுக்கோடு. முடிவில் கொக்கி.

"மதினி, கேக்குதா?" ஸ்ரீநிவாசனின் குரலுக்குப் பின்னால் ஆற்றின் இரைச்சல். "முழங்கால் தண்ணில நிக்கேன். எள்ளு கையில இருக்கு. பேரச் சொல்லுங்கன்னு ஐயரு கேக்காரு. அண்ணன் பேரச் சொல்லட்டா?"

ரோஹிணி வைஷுவின் கைகளைப் பார்த்தாள். அவை விசைப்பலகையின்மேல் இருந்தன. பத்து விரல்களும் சுத்தமாக இருந்தன. வாசல் தாழைப் பார்த்தாள், போட்டபடியே இருந்தது. பின்பு குனிந்து, ஆட்காட்டி விரலால் அந்தக் கொக்கியைத் தொட்டாள்.

விரல் மஞ்சளாயிற்று.

"மதினி? தண்ணி இழுக்குது, சீக்கிரம் சொல்லுங்க. சொல்லட்டா, வேண்டாமா?"

"சொல்லாதிய தம்பி," என்றாள் ரோஹிணி. நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவளுடைய குரல் அவளுக்கே கேட்டது. "இன்னும் காயல."

"எது மதினி? என்ன காயல?"

அவள் போனைத் தரையில் வைத்தாள். மஞ்சள் விரலை எதன்மீதும் படாமல் தனியே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, காய்கிறதா என்று பார்த்தபடி அந்தப் பெட்டியின் அருகிலேயே அமர்ந்தாள்.